அக்கரை செல்வோர் யார்?

இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரம் எவ்வளவு என்று வினவினால், மைல் கணக்கில் விடையிறுப்பதே நமது வழக்கம். ஆயின் ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிராக அமைந்த ஊர்களைப் பொறுத்தவரையில் இவ்விடை பொருத்தமுடையதன்று. அங்கே தூரத்தை நிர்ணயிப்பது நிலமன்று, பாலமே. பாலம் இருக்கும்வரை சில நிமிடங்களில் முடிந்த பயணம், பாலம் அடைபட்டதும் ஊர் சுற்றும் பயணமாகின்றது. அதுமட்டுமன்று. பாலத்தின்மீது யார் செல்லலாம், எதில் ஏறிச் செல்லலாம் என்பதைப் பொறுத்து, அதே தூரம் ஒருவருக்குக் குறுகியதாகவும் இன்னொருவருக்குக் கடக்கவொண்ணாததாகவும் அமைந்துவிடுகின்றது. எனவே போக்குவரத்து என்பது பொறியியலாளரின் கணக்கு மட்டுமன்று. அது சமூக நீதி பற்றிய வினாவுமாகும்.

இக்கூற்றினை நிறுவுவதற்கு இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில், தேம்ஸ் ஆற்றின் கரைகளில் அமைந்துள்ள ஹமர்ஸ்மித், பார்ண்ஸ் என்னும் இரு புறநகர்களை எடுத்துக்கொள்கின்றேன். உலகின் செல்வமிக்க நகரங்களுள் ஒன்றில், உலகுக்கே பாலம் கட்டக் கற்றுக்கொடுத்ததாகப் பெருமை கொள்ளும் ஒரு நாட்டில், அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கிடையே பஸ் வண்டி ஒன்று ஆற்றைக் கடக்க முடியாத நிலை 2019ஆம் ஆண்டில் தோன்றியது. 2025ஆம் ஆண்டிலும் அது தீர்ந்தபாடில்லை. இதற்குக் காரணம் இரும்பில் விழுந்த வெடிப்பு மட்டும்தானா என்பதே எனது வினா.

ஹமர்ஸ்மித் வடகரையில் உள்ளது. நான்கு சுரங்கப் புகையிரதப் பாதைகள் அங்கே சந்திக்கின்றன; பெரியதொரு பஸ் நிலையம் உண்டு; சாரிங் குறொஸ் என்னும் பெரிய வைத்தியசாலை அதன் அருகில் உள்ளது. பார்ண்ஸ் தென்கரையில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த நிலப்பரப்பில் அமைந்துள்ளது. பார்ண்ஸ் மக்களுக்குப் புகையிரத நிலையங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றிலிருந்து வண்டிகள் வாட்டர்லூ நோக்கிச் செல்கின்றன; எதிர்க்கரையிலுள்ள ஹமர்ஸ்மித்துக்கு நேராகச் செல்லும் வண்டி ஒன்றேனும் இல்லை. பாலத்தின் அடியிலிருந்து தெற்கே நீளும் காசல்நோ வீதியில் வாழ்வோருக்கோ அந்நிலையங்களும் தொலைவு. எனவே கல்வி, தொழில், வைத்தியம் ஆகிய யாவற்றுக்கும் இவர்கள் நம்பியிருந்தது ஏறத்தாழ 210 மீற்றர் நீளமான ஹமர்ஸ்மித் பாலத்தையே. 33, 72, 209, 419, 485 ஆகிய இலக்கங்களையுடைய பஸ் வண்டிகள் அதன் மேலாகச் சென்றன.

2019 ஏப்ரில் 10ஆம் நாள் அப்பாலம் மோட்டார் வண்டிகளுக்கு மூடப்பட்டது. தொங்கு சங்கிலிகளைத் தாங்கும் வார்ப்பிரும்புப் பீடங்களில் நுண்ணிய வெடிப்புகள் காணப்பட்டமையே காரணம். வெப்பத்தினால் சங்கிலி நீளவும் குறுகவும் இடமளிக்க வேண்டிய உருளைத் தாங்கிகள் துருவேறி இறுகிவிட்டன; அசைய வேண்டியது அசையாமற் போகவே, அந்த விசை முழுவதும் பீடத்தின்மேல் விழுந்தது. 2020 ஓகஸ்டில் வீசிய வெப்ப அலையில் வெடிப்புகள் பெருகின. அம்மாதம் 13ஆம் நாள் பாதசாரிகளுக்கும் பாலம் அடைக்கப்பட்டது. பாலத்தின் கீழாகப் படகுகள் செல்வதும் தடைசெய்யப்பட்டது. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களின் புகழ்பெற்ற படகோட்டப் போட்டி 2021இல் தேம்ஸை விட்டு ஈலி நகருக்கு மாற்றப்பட்டதற்குப் பெருந்தொற்றுடன் இப்பாலமும் ஒரு காரணம். 2021 ஜூலை 17ஆம் நாள் நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டியில் செல்வோருக்கும் பாலம் மீளத் திறக்கப்பட்டது. பாலத்தை உறுதிப்படுத்தும் வேலைகள் தொடர்ந்தன. 2025இல் நடுப்பாதையும் அவ்விரு சாராருக்கும் திறந்துவிடப்பட்டது. மோட்டார் வண்டிக்கு மட்டும் இடமில்லை.

இந்நிலையில் பார்ண்ஸிலிருந்து ஹமர்ஸ்மித் செல்ல விரும்பும் ஒருவர் என்ன செய்யலாம்? உடலில் வலு உள்ளவர் நடந்து செல்லலாம். பாலத்தின் அடியிலிருந்து சில நிமிட நடை. துவிச்சக்கர வண்டி வைத்திருப்பவர் அதனினும் விரைவாகச் செல்லலாம். மோட்டார் கார் வைத்திருப்பவர் கிழக்கே பட்னி பாலத்தையோ மேற்கே சிசிக் பாலத்தையோ சுற்றி, வாகன நெரிசலில் நேரத்தை இழந்தாலும், தம் ஆசனத்தில் அமர்ந்தபடியே போய்ச் சேரலாம். பஸ்ஸை நம்பியிருப்பவருக்கு 533ஆம் இலக்க வண்டி உண்டு. அதுவும் சிசிக் பாலத்தைச் சுற்றியே ஹமர்ஸ்மித்தை அடைகின்றது. படகில் செல்லலாமா எனின், தற்காலிகப் படகுச் சேவைக்கு 2021இல் ஒழுங்கு செய்யப்பட்டது. பாலம் நடப்போருக்குத் திறந்ததும் அது கைவிடப்பட்டது.

இப்பட்டியலைச் சற்று நிதானித்து நோக்குவோம். நடப்பவர் இழந்தது சிறிது. துவிச்சக்கர வண்டிக்காரர் இழந்தது ஒன்றுமில்லை. வாகனங்கள் அகன்றதால் அவர் பெற்றதே அதிகம். காருடையவர் நேரத்தையும் எரிபொருளையும் இழந்தார். ஆனால் முழங்கால் நோவுடன் கைத்தடி ஊன்றி, வீட்டு வாசலில் 209ஆம் இலக்க பஸ் ஏறி, சில நிமிடங்களில் வைத்தியசாலைக்கு அருகே இறங்கிய ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் நடக்க இயலாதவர், துவிச்சக்கர வண்டி ஓட்ட மாட்டாதவர், கார் இல்லாதவர். அவருக்கு எஞ்சியது ஊர் சுற்றும் பஸ் ஒன்றே. பாலம் மூடப்பட்டதன் முழுச் சுமையும் விழுந்தது அவர் தலையிலேதான். ஆயினும் இப்பாலம் பற்றி நிகழ்ந்த வாதங்களில் அவருடைய குரலே மிகக் குறைவாக ஒலித்தது.

வாதம் நிகழ்ந்தது இரு அணிகளுக்கிடையே. முதலாவது அணி, பாலத்தை முன்போல் எல்லா வாகனங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று கோருகின்றது. மூடப்படுவதற்கு முன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 22,000 வாகனங்கள் அதனைக் கடந்தன என்ற கணக்கை அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக் கூறுகின்றனர். இரண்டாவது அணி, வாகனங்கள் இல்லாமையால் காற்றும் அமைதியும் மேம்பட்டுவிட்டன, இனி இப்பாலம் நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டிகளுக்கும் மட்டுமே உரியதாகட்டும் என்கின்றது. ஒன்று பழமையை மீட்க விரும்புகின்றது. மற்றது புதுமையைப் போற்றுகின்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போல் தோன்றினும், இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. முதலாவது அணி வாகனங்களை எண்ணுகின்றது. இரண்டாவது அணி தன்னைப் போன்ற வலுவுள்ள உடல்களை எண்ணுகின்றது. பஸ் தரிப்பிடத்தில் காத்து நிற்பவரை எண்ணுவார் எவருமிலர்.

22,000 என்னும் அந்த எண்ணையே ஆராய்வோம். அதில் கார் ஒன்று; பஸ்ஸும் ஒன்று. ஒற்றை மனிதரை ஏற்றிய காரும் நாற்பது பேரை ஏற்றிய பஸ்ஸும் ஒரே மதிப்பைப் பெறும் கணக்கு அது. நடந்து சென்றவருக்கு அதில் இடமேயில்லை. இக்கணக்கு முறை தற்செயலானதன்று. போக்குவரத்துப் பொறியியலில் 'பயணிக் கார் அலகு' என்றொரு அளவு உண்டு. 1965இல் வெளியான அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கைந்நூலின் வழியாகப் பரவிய கருத்து இது. இதன்படி கார் ஒன்று எனின், பஸ் ஏறத்தாழ இரண்டு. துவிச்சக்கர வண்டி ஒன்றின் ஐந்திலொரு பங்கு. வீதியில் எவ்வளவு இடத்தை ஒரு வண்டி அடைத்துக்கொள்கின்றது என்று காண்பதற்கு இவ்வளவு பயனுடையது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இடத்தை அளக்கச் செய்த கோலைக் கொண்டு தேவையை அளக்கத் தொடங்கியதே தவறு. நாற்பது பேரைச் சுமந்துவரும் பஸ், இக்கோலின் முன்னால் இரண்டு கார் அளவுள்ள இடையூறாகச் சிறுத்துப்போகின்றது.

இனி, பணம் யார் தருவது என்ற வழக்கைக் கவனிப்போம். பாலம் இன்று ஹமர்ஸ்மித்–புல்ஹாம் உள்ளூராட்சிச் சபையின் உடைமை. இலண்டன் பெருநகரவை 1986இல் ஒழிக்கப்பட்டபோது நகர் முழுவதற்கும் பொதுவாயிருந்த பொறுப்புகள் சிதறுண்டு சிறிய சபைகளின் தோள்மேல் ஏற்றப்பட்டன. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 183,000 மக்களைக் கொண்ட ஒரு சபை, 25 கோடி பவுண் செலவாகும் என அண்மையில் மதிப்பிடப்பட்ட திருத்த வேலையைத் தனித்துச் செய்ய இயலாது என்பது வெளிப்படை. தென்கரையிலுள்ள பார்ண்ஸோ றிச்மண்ட் சபையின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே பாலத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டோர் ஒரு சபையின் வாக்காளர். பாலத்தைத் திருத்த வேண்டியது வேறொரு சபை. மத்திய அரசாங்கம், இலண்டன் போக்குவரத்து நிறுவனம், உள்ளூராட்சிச் சபை ஆகிய மூன்றும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று 2021இல் இணக்கம் காணப்பட்டதாயினும், முழுத் திருத்தத்துக்கான பணம் வந்து சேரவில்லை. பொதுச் சொத்தைப் பராமரிக்கும் கடமையை மேலிருந்து கீழே தள்ளிவிட்டு, கடமையுடன் செல்ல வேண்டிய பணத்தை மேலேயே வைத்துக்கொள்ளும் ஆட்சி முறையின் இயல்பான விளைவு இது.

இவ்விடத்தில் வரலாறு நமக்கு ஒரு செய்தி கூறுகின்றது. இவ்விடத்தில் முதற் பாலம் 1827இல் கட்டப்பட்டது. வில்லியம் ரியேர்னி கிளார்க் என்னும் பொறியியலாளர் அமைத்த அதுவே தேம்ஸின் முதலாவது தொங்கு பாலம். அது தனியார் கம்பனி ஒன்றின் பாலம். கடப்போர் சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. அச்சுங்கம் 1880இல் நீக்கப்பட்டது. 1870இல் படகோட்டப் போட்டியைக் காண 11,000 முதல் 12,000 வரையிலான மக்கள் பாலத்தின்மேல் திரண்டபோது அதன் வலிமை குறித்து அச்சம் எழுந்தது. இலண்டனின் கழிவுநீர் வாய்க்கால்களை அமைத்துப் புகழ்பெற்ற ஜோசப் பசல்ஜெற் புதிய பாலத்தை வடிவமைத்தார். பழைய பாலத்தின் அத்திவாரங்களின்மீதே எழுந்த அப்பாலம் 1887 ஜூன் 11ஆம் நாள் திறக்கப்பட்டது. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: புதிய பாலம் கட்டப்பட்ட காலத்தில் மக்கள் இடருறாமலிருக்க, 1884இலேயே தற்காலிகப் பாலம் ஒன்று அங்கு அமைக்கப்பட்டது. குதிரை வண்டிக் காலத்து நகராட்சி செய்த அக்காரியத்தை, மின்கணினிக் காலத்து ஆட்சியாளர் செய்யவில்லை. தற்காலிகப் பாலத்துக்கான திட்டங்கள் வரையப்பட்டன. வரைபடங்களாகவே அவை நின்றுவிட்டன. குறைந்தது அறிவன்று, பொதுப்பொறுப்பு என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

எனது நிலைப்பாட்டைத் தெளிவாகவே கூறிவிடுகின்றேன். பாலம் திருத்தப்படல் வேண்டும். ஆனால் அத்திருத்தத்தின் முதல் நோக்கம் 22,000 வாகனங்களை மீட்டுக்கொணர்வதாக இருத்தலாகாது. நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டிகளுக்கும் அடுத்து, பொது பஸ் வண்டிக்கும் நோயாளர் காவு வண்டிக்கும் அங்கே வழி செய்ய வேண்டும். தனியார் கார்கள் பட்னி வழியாகவும் சிசிக் வழியாகவும் சுற்றிச் செல்லட்டும். சுற்றிச் செல்லும் வசதி அவற்றுக்கு உண்டு. மூதாட்டியின் முழங்காலுக்கு இல்லை.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்போர், தம் நகரின் அண்மைக்கால வரலாற்றையே மறந்தவர்கள். 1997 பெப்ரவரியில் இதே பாலம் திருத்த வேலைக்காக மூடப்பட்டபோது, பஸ்கள், துவிச்சக்கர வண்டிகள், மோட்டார் சைக்கிள்கள், அவசர வண்டிகள், பாதசாரிகள் ஆகியோருக்கு மட்டும் வழி விடப்பட்டது. தனியார் கார்கள் தடுக்கப்பட்டன. 1998 ஜூலையில் எல்லோருக்கும் திறக்கப்பட்டபோது 7.5 தொன் என்னும் எடை வரையறையும் பஸ்களுக்கு முன்னுரிமையும் வழங்கப்பட்டன. ஆகவே பஸ்ஸை விட்டுக் காரைத் தடுப்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய உபாயம் அன்று. ஒருமுறை செய்து பார்த்ததே.

பாரக் கணக்கும் இதற்குத் துணைநிற்கின்றது. நாற்பது பேரைக் கொண்ட ஒற்றைத்தட்டு பஸ் ஏறத்தாழ 12 தொன் எடையுடையது. அந்நாற்பது பேரும் காருக்கு ஒன்றரைப் பேர் என்ற விகிதத்தில் சென்றால் 27 கார்கள் வேண்டும். கார் ஒன்று ஒன்றரைத் தொன் எனின் மொத்தம் 40.5 தொன். ஒரே இடத்தில் குவியும் பாரமும் பரந்து விழும் பாரமும் ஒன்றல்லவே என்று பொறியியல் மாணவர் குறுக்கிடலாம். அது நியாயமான மறுப்பு. பஸ்ஸின் சில்லுகள் பாலத்தின் தளத்தில் ஏற்படுத்தும் அழுத்தம் காரினுடையதைவிடப் பெரிதுதான். அதனாலேயே சிறிய, எடை குறைந்த வண்டிகளைப் பயன்படுத்துவதும், ஒரு வேளையில் ஒரு வண்டி மட்டுமே பாலத்தில் செல்லுமாறு கட்டுப்படுத்துவதும் அவசியமாகின்றன. கட்டுப்படுத்த இயலுவது பொது வண்டியை மட்டுமே. தனித்தனிச் சாரதிகள் ஆயிரக்கணக்கில் வரும்போது அத்தகைய ஒழுங்கு சாத்தியமன்று.

இன்னுமொரு மறுப்பு உண்டு. அது முன்னையதிலும் வலியது. கார்களைப் பட்னிக்குத் திருப்பிவிட்டால் அங்குள்ள மக்கள் அதன் புகையைச் சுவாசிக்க வேண்டிவரும். ஒரு கரையின் தூய காற்றுக்கு இன்னோர் ஊர் விலை கொடுப்பது நீதியா என்று கேட்கப்படுகின்றது. இக்கேள்வியைப் பாலத்தின் அமைதியில் மகிழும் இரண்டாவது அணியினர் எளிதில் தட்டிக்கழித்துவிடுகின்றனர். தட்டிக்கழிக்கத்தக்கதன்று அது. ஆனால் அதற்கு விடை, பழைய பாலத்தின்மேல் மீண்டும் கார்களை ஏற்றுவதாகாது. காரின்றிச் செல்ல விரும்புவோருக்கு நேரான, நம்பகமான பஸ் வழியை அளிப்பதே. பார்ண்ஸிலிருந்து ஹமர்ஸ்மித்துக்கு நேர்வழி பஸ் இல்லாமையாற்கூடச் சிலர் காரில் ஏறிப் பட்னியைச் சுற்றுகின்றனர் அல்லவா? பஸ் பாலத்தைக் கடக்குமாயின் பட்னியின் சுமையும் சிறிதேனும் குறையும். பஸ்ஸை மீட்பது இரு கரையாருக்கும் பட்னி மக்களுக்கும் பொதுவான நலன்.

இப்பாலம் குண்டுகளையும் கண்டது. 1939 மார்ச் 29ஆம் நாள் அதிகாலையில், வீடு நோக்கிப் பாலத்தில் நடந்துசென்ற மொறிஸ் சைல்ட்ஸ் என்னும் முடிதிருத்துநர், புகை கக்கிய பெட்டியொன்றைக் கண்டு, அதனைத் தூக்கி ஆற்றில் எறிந்தார். நீருள் அது வெடித்தது. பாலம் பெரும் அழிவிலிருந்து தப்பியது. 1996இலும் 2000இலும் மீண்டும் குண்டுகள் வைக்கப்பட்டன. அவற்றையும் பாலம் தாங்கிக்கொண்டது. குண்டுக்குத் தப்பிய பாலம் துருவுக்குத் தப்பவில்லை. அன்று அதனைக் காத்தவர் 22,000 என்னும் கணக்கில் இடம்பெறத்தக்க வாகனச் சாரதியல்லர். கணக்கில் வராத ஒரு பாதசாரி.

தொலைதூரத்து ஆறு ஒன்றின் பாலத்தைப் பற்றி இவ்விதழில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். மேலே கூறிய பயணிக் கார் அலகு இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. நமது பல்கலைக்கழகங்களில் போக்குவரத்துப் பொறியியல் பயிலும் மாணவர்களும் அதனையே கற்கின்றனர். நமது நாட்டின் வீதிக் கணிப்புகளிலும் அதுவே பயன்படுகின்றது. நாளை வீதியோரத்தில் எண்ணும் தாளுடன் நிற்கப்போகின்றவர்கள் இவ்விதழை வாசிப்போருள்ளும் இருப்பர். அவர்கள் கற்ற அளவைக் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. வண்டிகளை எண்ணும் நிரலுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல்களை வரையுமாறு மட்டும் கேட்கின்றேன். ஒன்றில் எத்தனை மனிதர் சென்றனர் என்று எழுதுங்கள். மற்றதில், வழியின்மையால் வர இயலாது போனோர் யாவர் என்று விசாரித்து எழுதுங்கள்.

இரண்டாவது நிரலை நிரப்புவது எளிதன்று. வராதவரை வீதியில் நின்று எண்ண முடியாது; வீடு தேடிச் சென்று கேட்க வேண்டும். காசல்நோ வீதியில் அவ்வாறு எவரேனும் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டிருப்பின், பாலம் பற்றிய வழக்கு வேறொரு வினாவுடன் தொடங்கியிருக்கும். எத்தனை வாகனங்கள் திரும்பி வரவேண்டும் என்பதன்று அவ்வினா. பஸ் எப்போது வரும் என்பதே.